ஏரியலில் கட்டிய ஜிகினா மாலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் ஓடிவிட்டது. இரண்டு தடவை நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் "அங்காளம்மன் துணை" என்று போட்டு, அதோடு மூடி வைத்துவிட்டேன். அந்த நோட்டுகளில் என் பேரன் யானையும் பஸ்ஸும் வரைந்து தீர்த்துவிட்டான். எழுதினால் எனக்குக் கெட்ட பேர் வரும் என்பது ஒரு பயம். சாமி காரியத்தைக் குறை சொல்கிறேன் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

போன மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த புயல் எச்சரிக்கை ரேடார் நிலையத்திலிருந்து ஒரு இன்ஜினியர் தம்பி வீடு தேடி வந்தார். இப்போதெல்லாம் ஏரியல், அவர்கள் பாஷையில் ஆன்டெனா, தானே சுற்றுகிறதாம், கம்ப்யூட்டர் கலர் கலராகப் படம் போட்டுவிடுகிறதாம். கேட்கவே ஆசையாக இருந்தது. பேச்சுவாக்கில், "ஐயா, தினமும் காலைல ஏரியல் மேல ஏறி, கையால தொட்டுப் பாக்கணும்னு நீங்க ஒரு வழக்கம் வச்சிருந்தீங்களாமே. எந்தப் புத்தகத்துலயும் இல்லியே, அது எதுக்கு?" என்று கேட்டார். "சும்மா ஒரு பழக்கம் தம்பி" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் தெருமுனை தாண்டவில்லை, எனக்கு மனசு உறுத்த ஆரம்பித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் செஞ்சி. எட்டாம் வகுப்பு வரை படிப்பு. அதன் பிறகு கல் உடைக்கிற வேலை. நாற்பதுகளில் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், திண்டிவனம் ரோட்டு ஓரமாக ஒரு மொட்டைப் பாறை மேட்டில் விமானப் படைக்காரர்கள் வந்து கூடாரம் போட்டார்கள். இரண்டு லாரி, மின்சாரத்துக்கு ஒரு எஞ்சின், கம்பி கம்பியாக ஒரு ஏரியல். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலில் தண்ணீர் தூக்கினேன். கை பலமும் எண் படிக்கத் தெரிந்ததும் பார்த்து, இரண்டு மாதத்தில் ஏரியல் சுற்றுகிற வேலைக்குப் போட்டார்கள். மூன்று வாரம் பயிற்சி. அதில் பாதி, வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பதுதான்.

மூச்சு விடாததால் ஊரில் அவரவர் இஷ்டத்துக்குப் பேசினார்கள். அந்த வருஷம் ஆடி, ஆவணி இரண்டும் வறண்டு போனது. கடைத்தெருவில் ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்து, "டேய், அந்த மெஷினை வச்சி மழையை வெரட்டுறீங்களாமே. ஒங்க வீட்ல நெலம் இல்லியா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

எங்கள் ஏரியலை இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. தரையில் நட்ட ஒரு கம்பம், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அதன் தலையில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக. கம்பத்தின் அடி கூடாரத்துக்குள் இறங்கும். அங்கே ஒரு சக்கரம், அதைச் சுற்றி முந்நூற்று அறுபது வரை எண்கள். நான் சக்கரத்தைத் திருப்பினால் மேலே ஏரியல் திரும்பும். தொண்ணூறு என்றால் கிழக்கு, இருநூற்றி எழுபது என்றால் மேற்கு. எனக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் பச்சையாக ஒரு கோடு. தூரத்தில் விமானம் இருந்தால் அந்தக் கோட்டின் மேல் சின்னதாகப் பல் முளைத்தது போல ஒன்று எழும்பும். நாங்கள் அதைப் பல் என்றே சொல்லுவோம். பல் எந்த இடத்தில் முளைக்கிறதோ அதுதான் தூரம். ஏரியல் எந்தப் பக்கம் பார்க்கும்போது பல் பெரிதாகிறதோ அதுதான் திசை.

குழாய் முன்னால் உட்காருகிறவர் சார்ஜென்ட் பெரைரா. பெரம்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். நல்லாத் தமிழ் பேசுவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். கத்த மாட்டார். அவர் கத்தாததே எங்களுக்குப் பயம். நாம் எதைப் போய்ச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "நீ பாத்தியா மேன், நெனச்சியா?" நினைத்தேன் என்று சொன்னால் குற்றமில்லை. நோட்டில் அதை வேறு பக்கத்தில் எழுதிக்கொள்வார். நினைத்ததைப் பார்த்தேன் என்று சொன்னால்தான் தப்பு.

எனக்கு அந்தக் குழாய் வைத்த பெட்டி மேல் தீராத ஆசை. கும்பிடவும் தோன்றும், பிரித்துப் பார்க்கவும் தோன்றும். ஓய்வு நேரத்தில் அவரைக் கேட்டுக் குடைவேன்.

"சார், அவ்ளோ தூரத்துல இருக்குற ஏரோப்ளேனு இதுக்கு எப்படி சார் தெரியுது?"

"கல்லுக்கு வெடி வச்சிருக்க இல்ல? வெடிச்ச சத்தம் எதிர் மலைல பட்டுத் திரும்பி வரும். கேட்டிருக்கியா?"

"கேட்டிருக்கேன் சார். கிட்ட இருக்குற மலைன்னா சீக்கிரம் வரும். தூரத்து மலைன்னா லேட்டா வரும்."

"அவ்ளோதான் மேன். இது சத்தத்துக்குப் பதிலா ரேடியோ அலையை அனுப்புது. போய்ப் பட்டுத் திரும்ப எவ்ளோ நேரம் ஆச்சின்னு பாக்குது. ஆனா அது வெளிச்சம் போற வேகம். ஒரு செகண்டைப் பத்து லட்சம் பங்கு போடு. அதுல பதினோரு பங்கு ஆச்சின்னா, ஒரு மைல் போயிட்டு வந்துடுச்சின்னு அர்த்தம்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு செகண்டைப் பத்து லட்சமாக யார் பிரித்தார்கள், எந்தக் கத்தியால் பிரித்தார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் பார்க்கிற தனபாலிடம் சொன்னேன். அவன் அவலூர்பேட்டைக்காரன், எதையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டான். "செகண்டைப் பத்து லட்சமா வெட்டுறவரு, நம்ம லீவை மட்டும் ஒரு நாளு கூட வெட்டாம குடுக்க மாட்டேங்குறாரே" என்றான்.

மலைகளும் எங்கள் குழாயில் தெரியும். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி. நகராத பல்லுகள். அவற்றைக் கண்ணாடியில் மெழுகுப் பென்சிலால் குறித்து வைத்திருப்போம். இரண்டு மலைக்கும் நடுவில் திருவண்ணாமலை ரோடு போகிற இடுக்கு வழியாகத்தான் மேற்கே தூரமாகப் பார்க்க முடியும்.

இதில் ஒரு சங்கதியை மட்டும் விளக்கமாகச் சொல்லவேண்டும். ஏரியல் முன்பக்கமாகத்தான் அலையை அனுப்பும், ஆனாலும் கொஞ்சம் பின்பக்கமும் கசியும். கிழக்கே பார்த்து நிற்கும்போது மேற்கே ஒரு விமானம் இருந்தால் அதுவும் சின்னப் பல்லாகத் தெரிந்துவிடும். அதனால் புதுசாக ஒரு பல் வந்தால் பெரைரா உடனே நம்ப மாட்டார். "திருப்பு" என்பார். நான் சக்கரத்தைப் பாதிச் சுற்று திருப்புவேன். இரண்டு பக்கமும் அளந்து, எது பெரிதோ அதுவே உண்மைத் திசை. இதற்கு முன்னா பின்னா சோதனை என்று பேர். ஒரு தடவை கூட அதை விட்டுவிட்டு, தலைமை அறைக்குச் சொல்ல அவர் போனைத் தொட்டதில்லை.

ஆயுத பூஜை வந்தது. தனபால் போய் அனுமதி கேட்டான். பெரைரா ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், ஆனால் மற்றவர் சாமியை ஒருநாளும் இளக்காரமாகப் பேசியதில்லை. "எஞ்சினுக்குப் பண்ணுங்க, லாரிக்குப் பண்ணுங்க, சக்கரத்துக்குப் பொட்டு வைங்க. ஏரியல்ல மட்டும் ஒரு நூல் கூடப் படக்கூடாது" என்றார்.

எங்கள் வீட்டில் என் சம்சாரம் அலமேலு சந்தனம் அரைத்துக் கொடுத்தாள். கல்யாணமாகி ஐந்து மாதம். எஞ்சினுக்குப் பூ வைத்தோம், பொரி கடலை படைத்தோம், கற்பூரம் காட்டினோம். எனக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. எஞ்சினுக்கு மாலை, லாரிக்கு மாலை. அத்தனைக்கும் கண்ணாக நிற்பது ஏரியல், அது மொட்டையாக நிற்பதா? யுத்த காலம். அந்தக் கண்ணை அம்மன் காப்பாற்ற வேண்டாமா? பூ மாலை ஒரு நாளில் வாடி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று, கடைத்தெருவில் ஜிகினா மாலை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். நீளமான சரடு, நெடுக மெல்லிய செப்புத் தகட்டு இழைகள், தங்கம் போலப் பளபளவென்று இருக்கும். மத்தியானம் ஒரு மணி நேரம் பெட்டியை அணைத்து வைப்பது வழக்கம். பெரைரா சாப்பிடப் போனார். நான் ஏறினேன். கீழிருந்து கண்ணில் படாதபடி கம்பிகளுக்குப் பின்னால் சுற்றிக் கட்டி, ஒரு கம்பியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். மனசு நிறைந்திருந்தது. பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு சந்தோஷமாக நான் சாமி கும்பிட்டது கொஞ்சம் தடவைதான்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. அன்றைக்கே பெரைரா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கிழக்கே பார்க்கும்போது ராஜகிரியின் பல் இவ்வளவு பெரிதாகத் தெரியக்கூடாதே என்றார். வயரைப் பார்த்தார், கீழே இணைப்புகளை முறுக்கினார். பிறகு என்னிடம், "மழைக்கு முந்தி நீதானே கம்பத்துக்கு எண்ணெய் போட்ட? மேல ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றேன்.

"பாத்தியா, நெனச்சியா?"

"பாத்தேன் சார்."

இதை எழுதும்போது இப்போதும் கை ஒரு இடத்தில் நிற்கிறது. அவர் என்னை நம்பினார். நம்பியதால் மேலே ஏறிப் பார்க்கவில்லை. மழை விட்டதும் யாருக்கும் தெரியாமல் அவிழ்த்துவிடலாம் என்று நான் இருந்தேன். மழை விடவில்லை.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு போன் அடித்தது. கடற்கரைப் பக்கத்துத் தலைமை அறையிலிருந்து பேசினார்கள். கடலோரமாக ரோந்து போன நம்முடைய விமானம் ஒன்று மேகத்தில் வழி தவறிவிட்டது. உள்ளே மூன்று பேர். கீழே ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் பெட்ரோல். நாங்கள் இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால், அவர்கள் ரேடியோவில் விமானிக்குச் சொல்லுவார்கள்.

பெரைரா உட்கார்ந்தார். நான் சக்கரத்தைப் பிடித்தேன். கிழக்கே திருப்பியதும் இருபத்தெட்டு மைலில் பல் எழும்பியது.

"திருப்பு."

மேற்கே திருப்பினேன். அங்கேயும் இருபத்தெட்டு மைல். ஏறக்குறைய அதே அளவு.

"மறுபடி."

கிழக்கு. மேற்கு. கிழக்கு. பென்சிலால் கண்ணாடியில் அளந்தார். "கிழக்குதான் பெருசு. கொஞ்சம்தான், ஆனா பெருசு" என்றார். ரோந்து போனது கடலோரம், அதனால் கிழக்கு என்பது பொருத்தமாகவும் இருந்தது. போனை எடுத்து, "தொண்ணூறு டிகிரி, இருபத்தெட்டு மைல்" என்றார். அந்தப் பக்கம் பேசுகிறது எனக்கும் லேசாகக் கேட்டது. அப்படியென்றால் அது கரையை ஒட்டித்தான் இருக்கிறது, மேகத்துக்குக் கீழே இறங்கிக் கரையைப் பார்க்கச் சொல்கிறோம் என்றார்கள்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். கிழக்கே இருபத்தெட்டு மைல் போனால் மரக்காணம் பக்கம், சமவெளி, அதற்கப்புறம் தண்ணீர். மேகத்துக்குள் எவ்வளவு இறங்கினாலும் மோத ஒன்றுமில்லை. மேற்கே இருபத்தெட்டு மைல் போனால் திருவண்ணாமலை தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரம். மேகத்துக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு அங்கே இறங்கினால் மலையில்தான் போய் முட்டும்.

"சார், எறங்கச் சொல்லாதீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "சார்! எறங்க வேணாம்னு சொல்லுங்க! மேல மாலை கட்டி இருக்குது!"

"இன்னா மாலை?"

"ஜிகினா மாலை சார். ஏரியல்ல. பூஜை அன்னிக்கு நான்தான் கட்டனேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு போனில், கொஞ்சமும் பதறாமல், "நான் சொன்ன திசையை ரத்து பண்ணுங்க. இறங்கக் கூடாது. அதே உயரத்துலயே வட்டம் போடச் சொல்லுங்க. ஏழு நிமிஷத்துல திரும்பப் பேசுறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தார். கூடாரத் துணியை விலக்கி, "தனபால், எஞ்சினை நிறுத்து!" என்றார். மின்சாரம் இருக்கும்போது அந்தக் கம்பியைத் தொட்டால் ஆள் பிழைக்க முடியாது.

நான் மழையில் ஏறினேன். கம்பம் வழுக்கியது. முதல் நாளிலிருந்து நனைந்த சரடு இறுகிப் போய், முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. செப்பு இழைகள் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குப் பாலம் போட்டது போல ஒட்டிக்கொண்டு கிடந்தன. பல்லால் கடித்தேன். வாயெல்லாம் செம்பு நாற்றம். கீழேயிருந்து தனபால், "டேய் ஏழுமலை, சாமி மாலையைக் கடிக்கிறியே, அவசரத்துக்குப் பரவால்ல, கடிடா கடி!" என்று கத்தினான். அந்த நேரத்திலும் அவன் வாய் அடங்கவில்லை. பிய்த்து எடுத்து, கம்பிகளைத் துண்டால் துடைத்துவிட்டுக் குதித்தேன்.

தனபால் கைப்பிடி போட்டுச் சுற்றினான். இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்தது. ஆனால் பெட்டிக்குள் இருக்கிற வால்வுகள், பழைய ரேடியோவில் இருக்குமே அந்த மாதிரிக் கண்ணாடி பல்புகள், சூடேற மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் கறுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெரைரா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"நேத்து நான் கேட்டப்போ இல்லைன்னு சொன்ன."

"ஆமா சார். பொய் சொன்னேன்."

"பாத்தேன்னு சொன்ன."

"ஆமா சார்."

பச்சைக் கோடு மெதுவாகத் துலங்கி வந்தது. கிழக்கே திருப்பினேன். கோட்டில் சின்னதாக ஒரு மேடு, அவ்வளவுதான். மேற்கே திருப்பினேன். முப்பது மைலில் பல் கோட்டைப் பிய்த்துக்கொண்டு எழும்பியது. பெரைரா மூன்று தடவை திருப்பச் சொன்னார். மூன்று தடவையும் மேற்குதான்.

போனில் சொன்னார். கிழக்கே திரும்பி நேராக வரச் சொல்லுங்கள், இறங்க வேண்டாம், நான் சொல்லும்வரை இறங்க வேண்டாம். அதன் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் மைலைப் படித்தார். இருபத்தாறு. இருபத்து மூன்று. இருபது. பல் கோட்டில் நகர்ந்து நகர்ந்து எங்களை நோக்கி வந்தது. அது ராஜகிரிப் பல்லுக்குப் பக்கத்தில் வந்து கலந்தபோது, தலைக்கு மேலே மேகத்துக்குள் எஞ்சின் சத்தம் கேட்டது. தனபால் மழையில் நின்று அண்ணாந்து, ஒன்றும் தெரியாத வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். நான் அதே வேகத்தில் சக்கரத்தைக் கிழக்கே திருப்பினேன். கிழக்கே நாற்பது மைல் தாண்டியதும்தான் பெரைரா, "இப்போ இறங்கலாம்" என்றார்.

கடலோரத்து ஓடுதளத்தில் மூன்று பேரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்று பிறகு போன் வந்தது. பெரைரா நன்றி சொல்லி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

நான் கேட்டேன், "மாலையாலதான் சார் இப்படி ஆச்சா?"

"அந்தத் தகடும் ஒரு கம்பி மாதிரிதான் மேன். நனைஞ்சி ஒட்டினதால முன்னால போற அலையைப் பின்னால தள்ளியிருக்கும். அப்படின்னு நெனைக்கிறேன். பாக்கலை" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் எழுதிய அறிக்கையை எனக்குத் தமிழில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். ஏழுமலை என்பவர் உத்தரவை மீறி ஏரியலில் மாலை கட்டினார். கேட்டபோது மறைத்தார். ஆபத்து சமயத்தில் தானே முன்வந்து சொன்னார். நான்காவது வாக்கியம் அவரைப் பற்றியது. பின்பக்கத்தில் கோளாறு இருப்பது தெரிந்தும், ஏறிப் பார்க்காமல் அடுத்தவர் வாய் வார்த்தையை நம்பியது என் தவறு.

"அதை எழுதாதீங்க சார்" என்றேன்.

"பாத்ததைத்தானே எழுதறேன்" என்றார்.

எனக்கு மூன்று வாரம் பதுங்குகுழி வெட்டுகிற தண்டனை, லீவு கிடையாது. அந்த மூன்று வாரத்துக்குள் என் தலை தீபாவளி வந்து போய்விட்டது. மாமனார் வீட்டில் மாப்பிள்ளை இல்லாமலே பலகாரம் சுட்டார்கள். அலமேலுவிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் அழவில்லை. "சாமி இன்னா, ஒன்னான்ட வந்து மாலை கேட்டுச்சா? ஒனக்கு ஆசை, நீ கட்டன. அதை ஏன் அம்மன் தலைல போடற?" என்றாள்.

பெரைராவுக்கு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரைப் பெரிய நிலையம் ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறவராக அனுப்புவதாக இருந்தது. அந்த அறிக்கைக்குப் பிறகு அந்த உத்தரவு வரவில்லை. யுத்தம் முடிகிற வரை சார்ஜென்ட்டாகவே இருந்து, ஊருக்குப் போனார். ஒரு நாள் கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. விமானம் தப்பிய மறுநாள் காலையிலிருந்து அவரே ஏறி ஒவ்வொரு கம்பியாகக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் போடுவார். ஒரு மாதம் கழித்து, "இனிமே நீ ஏறு" என்றார். குழாய் முன்னால் உட்காரவும் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

யுத்தம் முடிந்த பிறகு அதே மாதிரிப் பெட்டிகளை மழை பார்க்க வைத்தார்கள். எந்த மழையை நாங்கள் விரட்டுவதாக ஊரில் சொன்னார்களோ, அது கடலுக்குள் எங்கே பெய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கப்பல், விமானம், புயல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே வேலைதான். அனுப்பு, திரும்பி வருகிறதைப் பார். வேலை பார்த்த அத்தனை வருஷமும் ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்குப் பூ வைத்தேன். ஏரியலுக்குக் கீழே நின்று வெறுங்கையால் கும்பிட்டேன்.

இன்ஜினியர் தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இந்தக் கதை செஞ்சியில் ஏற்கெனவே வேறு மாதிரி உலவுகிறது. அம்மன் மாலை விமானத்தை இழுத்து வந்து காப்பாற்றியது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. படித்தவர்கள் சிலர், மூட நம்பிக்கையால் மூன்று பேர் சாகக் கிடந்தார்கள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்கள். என் வீட்டிலேயே, தாத்தா இடி மின்னலில் ஏறி விமானத்தைக் காப்பாற்றினார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறான் பேரன். அன்றைக்கு இடியும் இல்லை, மின்னலும் இல்லை. நீங்கள் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லும்போது தயவுசெய்து இருக்கிறபடியே சொல்லுங்கள். என் பேரை மறைக்க வேண்டாம். இடம் போதாமல் எதையாவது விடவேண்டி வந்தால், நான் ஏறி அவிழ்த்ததை விட்டுவிடுங்கள். பெரைரா கேட்டதையும், நான் பார்த்தேன் என்று சொன்னதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.